மூன்றுக்கு இரண்டரை... ஒரு மரணம்!

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...

டெலிபோன் கத்தியது.

கத்தட்டும் என்று விட்டுவிட்டாள் செலஸ்டின்!

அவள் எதிரே வெளிச்சப் பெட்டியில் ஒரு கறுப்பு ஃபிலிம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

1986, ஜூன் மாதம், புதன்கிழமை, காலை ஒன்பது மணி. மலேசியாவில் சுங்கை பட்டாணி ஊரில் ஒரு தனியார் கிளினிக். அங்கே பத்தொன்பது வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவள் செலஸ்டின். நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய கூரான நாக்குக்குப் பயந்துதான் யாரும் பெண் கேட்டு வரவில்லை என்று மாதா கோயில் பாடல் குழுவில் ஒரு பேச்சு உண்டு.

உடைந்த கை, முறிந்த கால், நெஞ்சுச் சளி... இவைதான் அவள் ராஜ்யம்.

ஆனால் இந்த ஃபிலிம் வேறு ரகம். பினாங்கில் புதிதாக வந்திருக்கும் ஸ்கேன் மெஷின் எடுத்தது. மூளையை ரொட்டி மாதிரித் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டும் படம்.

படத்துக்குச் சொந்தக்காரர் குழந்தைவேலு. திகாம் பத்து பக்கம் பெல்மூர் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. மண்டைக்குள் கட்டி!

பிப்ரவரியில் முதல் ஸ்கேன் படத்தை அவர் கையோடு கொண்டு வந்தபோது செலஸ்டின்தான் ஸ்கேல் வைத்து அளந்தாள். நீளவாட்டில் நாலரை சென்டிமீட்டர். குறுக்கே நாலு. பெருக்கினால் பதினெட்டு. நோட்டில் குறித்தும் வைத்தாள். கூட வந்தவர்களுக்கும் அளக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள்.

அப்புறம் கோலாலம்பூரில் ஆறு வாரம் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். முதல் ஃபிலிமையும் அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கை நிறைய மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போது இரண்டாவது ஸ்கேன். திங்கட்கிழமை எடுத்தது. நேற்று காலை கிராணியே வந்து கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். செலஸ்டின் நேற்று லீவு.

ஒரே தாளில் பன்னிரண்டு படங்கள். போன தடவை நாலே நாலுதான். 'இந்த வாட்டி தாராளமா எடுத்திருக்காங்களே' என்று நினைத்துக்கொண்டே ஸ்கேலை வைத்தாள்.

நீளம் மூன்று. குறுக்கே இரண்டரை.

ஏழரை!

பதினெட்டு, ஏழரையாகிவிட்டது! பெருக்கின தொகை பாதிக்குக் கீழே போனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பெரிய டாக்டர்கள் உலகம் பூராவும் வைத்திருக்கும் கணக்கு அது.

"ஏழரை வந்ததுக்குச் சந்தோஷப்படற முதல் ஆளு நானாத்தான் இருப்பேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு வழியாகப் போனை எடுத்தாள்.

"ஹலோ!"

"மிஸ்ஸிங்களா? நான் மனோகரன். கிராணியோட மச்சினன்."

"மனோ தம்பியா! நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. ஐயாகிட்ட சொல்லுங்க..."

"மாமா போயிட்டாரு மிஸ்ஸி."

"எங்க போயிட்டாரு?"



"செத்துட்டாரு மிஸ்ஸி. நேத்து மத்தியானம். தூங்கினவரு எந்திரிக்கல. கட்டி வெடிச்சிருச்சின்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எழுதிக் குடுத்துட்டாரு. இன்னைக்கு நாலு மணிக்கு எடுக்கிறோம். சொல்லணும்னு தோணுச்சு... வச்சிடறேன்."

டொக்!

செலஸ்டின் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள்.

பாதியாகச் சுருங்கிய கட்டி... எப்படிக் கொல்லும்?

உறைக்குள் கையை விட்டாள். ஒரு துண்டுச் சீட்டு. கிராணியின் குண்டு குண்டான கையெழுத்து.

'மிஸ்ஸி, உறையைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களே அளந்து சொல்லுங்கள். பாதிக்குக் குறைந்திருந்தால் சொன்னபடி செய்வேன். - கு.வே.'

சொன்னபடி!

பிப்ரவரியில் இதே அறையில், பெண்டாட்டியையும் மச்சினனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

"முருகன்கிட்ட வேண்டியிருக்கேன் மிஸ்ஸி. கட்டி பாதியா குறைஞ்சா, எட்டு வருசமா மூடி வச்ச ஒரு உண்மையைப் போலீஸ்ல போய்ச் சொல்லிடுவேன்."

"குறையலைன்னா ஐயா?"

"என்னோட சேர்ந்து அதுவும் எரிஞ்சிடும்."

செலஸ்டின் ஃபிலிமைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது!

கட்டியின் விளிம்பில் நாலு வெளிச்சப் புள்ளிகள். நீளவாட்டில் இரண்டு. குறுக்கே இரண்டு. கிட்டே போய்ப் பார்த்தாள்.

குண்டூசி குத்திய ஓட்டைகள்!

அவளுக்கு முன்னால் யாரோ இதை அளந்திருக்கிறார்கள்... அவள் சொல்லிக் கொடுத்த அதே முறையில்!

*

பினாங்குக்குப் போன் போட்டாள். படம் பார்க்கும் டாக்டர் சிரில் கோலாலம்பூர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறாராம். சாயங்காலம்தான் வருவாராம். ரிப்போர்ட் தபாலில் வர ஒரு வாரம் ஆகுமாம்.

"வந்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. குழந்தைவேலு கேஸ். அவசரம்!"

அடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். அங்கே இன்ஸ்பெக்டர் கென்னத். அவளுடைய சித்தி மகன். முப்பத்தைந்து வயது, தொந்தி மட்டும் ஐம்பது.

மாவட்டத் தலைவரோடு மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். நடந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பதினொன்று... பன்னிரண்டு... ஒன்று... சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்தே வலித்தது.

இரண்டரைக்குக் கதவு திறந்தது.

"என்னக்கா, மதியச் சோறு கொண்டாந்தியா?"

"கொலைக் கேஸ் கொண்டாந்திருக்கேன்!"

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கென்னத் பொறுமையாகக் காது குடைந்தான்.

"அக்கா, மூளையில கட்டி இருந்த மனுசன், மூளைக் கட்டியில செத்திருக்காரு. இதுல எனக்கு என்ன வேலை?"

"கட்டி சுருங்கிடுச்சிடா! பதினெட்டு, ஏழரை ஆயிடுச்சு!"

"எரிக்கிற பெர்மிட்ல காலையில எட்டு மணிக்கு நான்தான் சைன் வச்சேன் லா. பேனா மை கூட இன்னும் காயல."

"அப்ப உன் கையெழுத்தைக் காட்டித்தான் ஒரு கொலைகாரன் தப்பிக்கப் போறான்."

"யாருன்னு தெரியுமா?"

"நான் அளக்கச் சொல்லிக் குடுத்ததே மூணு பேருக்குத்தான். கிராணி, அவரு பொண்டாட்டி இராசாத்தி, மச்சினன் மனோகரன். கிராணி பாக்கவே இல்லைன்னு எழுதிட்டாரு."

"குண்டூசி ஓட்டையை வச்சு கோர்ட்ல நிக்கச் சொல்றியா?"

"நாலு மணிக்கு எடுத்துட்டா சாம்பலை வச்சு என்னடா பண்ணுவே? இன்னைக்குப் புதன்கிழமைதான். நெத்தியில பூசிக்கிட்டு இன்னொரு தடவை சாம்பல் புதன் கொண்டாடுவியா?"

கென்னத் சிரிக்கவில்லை. தொப்பியைத் தேடினான். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டு, சாதாரணச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவை போய்ப் பாக்கறோம். ஒண்ணும் கிடைக்கலைன்னா பேசாம திரும்பிடணும். சாவு வீட்டுல கலாட்டா பண்ணினா என் வேலை போயிடும்."

"வேலைதானே? இங்க ஒரு உயிரே போயிருக்கு. வண்டியை எடு!"

*

மணி மூன்று முப்பத்தைந்து.

பெல்மூர் தோட்டம். கிராணி வீட்டு வாசலில் தப்பு அதிர்ந்துகொண்டிருந்தது. பாடை கட்டி முடியப் போகிறது. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான் மனோகரன். தோட்டத்து லோரி ஓட்டுபவன். முறுக்கேறிய கை. இரண்டு நாளாகத் தூங்காத கண்.

செலஸ்டின் நேராக இராசாத்தியிடம் போனாள். கட்டிப் பிடித்துக்கொண்டாள். அழுகை தானாக வந்தது. நல்ல மனிதர். வரும்போதெல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வருவார்.

"நேத்து என்னக்கா நடந்துச்சு?"

"ஒண்ணுமே நடக்கலையே மிஸ்ஸி! உங்க கிளினிக்குப் போயிட்டு நல்லாத்தான் வந்தாரு. சோறு சாப்பிட்டாரு. படுத்தாரு. நான் கடைக்குப் போய் வர்றதுக்குள்ள... தம்பிதான் கூட இருந்தான்."

தம்பிதான் கூட இருந்தான்!

கென்னத்தும் செலஸ்டினும் ஒரு விநாடி பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்கேன் படத்தை வீட்டுல யாராச்சும் பாத்தீங்களாக்கா?"

"யாரு பாக்கறது? முந்தாநேத்து ராத்திரி தலைமாட்டுல வச்சிக்கிட்டே படுத்தாரு. திறக்கப் பயம். எனக்கும் பயம்."

பின்னாலிருந்து குரல் வந்தது.

"உறையை நாங்க தொடவே இல்லை மிஸ்ஸி."

மனோகரன்!

அவனைக் கேட்காமலே வந்த பதில். செலஸ்டினுக்குப் பொறி தட்டியது. ஆனால் பொறியை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது. மணி மூன்று நாற்பத்தைந்து. நாலு பேர் கிராணியைக் கிடத்திய பாடையைத் தூக்கிப் பார்த்துக் கனம் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இனி ஒரே வழிதான். ஒரு பொய்!

பிணத்துக்கு முன்னால் பொய் சொல்லப் போகிறோமே என்று மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"நான் படத்தைப் பாத்தேன்க்கா. உங்ககிட்ட மறைக்க முடியல. கட்டி வளந்துருச்சு."

இராசாத்தி விம்மினாள்.

"ரொம்பவே வளந்துருச்சு. கரண்டும் கேக்கல, மாத்திரையும் கேக்கல. மிஞ்சிப் போனா இன்னும் நாலு வாரம். அதுக்கு மேல தாங்கியிருக்கவே மாட்டாரு."

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"வளந்துருச்சா?" என்றான் மனோகரன்.

"ஆமா தம்பி."

"வளரலையே..."

"என்ன வளரலையே?"

"இல்ல... நல்லா நடமாடிக்கிட்டு இருந்தாரே, அதான் கேட்டேன்."

செலஸ்டின் ஒரு அடி முன்னே வைத்தாள்.

"நடமாட்டத்தை வச்சு என்ன தெரியும்? உள்ள கட்டி முத்திடுச்சு. பாவம், நாலு வாரம்! யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பொறுத்திருந்தாலே போதும்... தானா போயிருப்பாரு!"

"பொய்!"

அலறல். தப்பு சட்டென்று நின்றது.

"பொய் சொல்றீங்க மிஸ்ஸி! மூணுக்கு ரெண்டரைதான் இருந்துச்சு! பாதிக்கும் கம்மி! நானே ஊசி குத்தி..."

மனோகரன் வாயை மூடினான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. வாசலில் நின்ற நூறு பேரும் கேட்டாயிற்று.

கென்னத் மெதுவாகத் தொண்டையைச் செருமினான்.

"சொல்லுங்க தம்பி. தொடாத உறைக்குள்ள கையை விட்டு... ஊசி குத்தி... அப்புறம்?"

ஓடினான் மனோகரன்!

மூன்றே எட்டு வைத்தான். கென்னத் தன் காலை நீட்டினான். வேறு ஒன்றும் செய்யவில்லை. மனோகரன் தப்புக்காரர்கள் மேல் குப்புற விழுந்தான்.

கென்னத் பாடை அருகே குனிந்து கிராணியின் மூடிய இமையைத் தூக்கினான். வெள்ளை விழியில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"மூச்சை அடைச்சா இப்படித்தான் வரும். எதை வச்சு அமுக்கினே? தலையணையா?"

மண்ணில் கிடந்தவன் அழ ஆரம்பித்தான்.

"நான் என்ன பண்றது? குறைஞ்சிருச்சின்னு தெரிஞ்சா மாமா நேரா ஸ்டேஷனுக்குப் போயிடுவாரு. வேண்டுதல்! நான் ஜெயிலுக்குப் போகணும்!"

"எதுக்கு?"

கென்னத் அவன் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தான்.

"எதுக்குடா?"

"அம்மாசிக்கு..."

கூட்டத்தின் கடைசியில் ஒரு பித்தளைச் செம்பு கீழே விழுந்து உருண்டது. அங்கே நின்றிருந்தவள் மருதம்மாள். பால்மரம் வெட்டுபவள். எட்டு வருஷமாக விதவை. அம்மாசி அவள் புருஷன்.

"எழுபத்தெட்டுல... சம்சு சாராயம் போட்டுட்டு லோரி ஓட்டினேன். வளைவுல அம்மாசி சைக்கிள்ல வந்தான். ஏத்திட்டேன். தூக்கிட்டுப் போய் ரயில் தண்டவாளத்துல போட்டேன். குடிச்சிட்டுப் படுத்துட்டான்னு தோட்டத்து ரிப்போர்ட்ல மாமாவை எழுத வச்சேன். அக்காவோட தம்பியாச்சேன்னு எழுதிட்டாரு..."

இராசாத்தியின் ஒப்பாரி நின்று போனது. மருதம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை.

"என் புருசன் ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டான்னு எட்டு வருசமா சொன்னேனே... இந்தத் தோட்டத்துல யாராச்சும் நம்பினீங்களா? குடிகாரன் பொண்டாட்டின்னுதானே கூப்பிட்டீங்க!"

செலஸ்டினுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் ரப்பர் பால் வாசம் வீசியது.

நாலு மணிக்கு எடுக்க வேண்டிய கிராணி, நாலரைக்குப் போலீஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

*

மாலை ஆறரை. கிளினிக்.

செலஸ்டின் மறுபடி வெளிச்சப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே கென்னத். கையில் பால் இல்லாத கோப்பி ஓ. முகத்தில் ஒரு பதவி உயர்வுக் களை.

"நல்ல பொய் சொன்னேக்கா. நாலு வாரம்னு கணக்கு வேற! எனக்கே அழுகை வந்திருச்சு."

"கிண்டல் பண்ணாதே. மனசு கேக்கல. நான் அளக்கச் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா அவன் அளந்திருக்க மாட்டான். அளக்காம இருந்திருந்தா ஐயா பொழைச்சிருப்பாரு. நல்லாகி இருந்த மனுசனைக் கொன்னுட்டோமேடா!"

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...

இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மிஸ் செலஸ்டினா? டாக்டர் சிரில், பினாங்கு. காலையில கூப்பிட்டீங்களாம்."

"ஆமா டாக்டர். குழந்தைவேலு கேஸ்..."

"இப்பதான் எங்க மெஷின்ல படத்தைப் பாத்தேன். சொல்லவே கஷ்டமா இருக்கு. கரண்டு வச்சும் பிரயோஜனம் இல்லை. கட்டி நல்லா வளந்திருக்கு."

செலஸ்டின் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஆறுக்கு அஞ்சு சென்டிமீட்டர். முன்னாடி பதினெட்டு இருந்தது, இப்ப முப்பது. மாத்திரையால வீக்கம் வடிஞ்சு கொஞ்ச நாள் தெம்பா நடமாடுவாரு. அதை நம்பாதீங்க. மூணு வாரம், நாலு வாரம்... அதுக்கு மேல இல்லை."

"டாக்டர்! மூணுக்கு ரெண்டரைதானே? நான் ஸ்கேல் வச்சு அளந்தேனே!"

"ஸ்கேலா? ஃபிலிம் மேலயா வச்சீங்க?"

"ஆமா..."



"அம்மா, இது எக்ஸ்ரே இல்லை. எக்ஸ்ரேல கை எவ்வளவோ படமும் ஏறத்தாழ அவ்வளவு. ஸ்கேன் படத்தை நாம எந்த சைஸ்லயும் அச்சடிக்கலாம். போன தடவை ஒரு தாள்ல நாலு படம் போட்டோம். பெருசா இருந்துச்சு, கிட்டத்தட்ட நிஜ அளவு. இப்ப ஃபிலிம் தட்டுப்பாடு. பன்னிரண்டு போடறோம். எல்லாம் பாதி சைஸ். படத்து ஓரத்துல சின்னதா ஏணி மாதிரி ஒரு கோடு இருக்கும் பாருங்க. அஞ்சு சென்டிமீட்டர்னா எவ்வளவுன்னு அதுதான் சொல்லும்."

செலஸ்டின் ஃபிலிமைப் பார்த்தாள்.

ஏணி இருந்தது. காலையிலும் இருந்தது. ஸ்கேலை எடுத்து அதன் மேல் வைத்தாள். ஐந்து சென்டிமீட்டர் என்று சொல்லும் கோடு, சரியாக இரண்டரைதான் நீண்டது.

கட்டி மட்டுமா? கிராணியின் மண்டையே ஒரு மாங்காய் அளவில்தான் இருந்தது! பத்தொன்பது வருஷ அனுபவம், வெள்ளைக் கட்டியை மட்டும் பார்த்ததே தவிர, அதைச் சுற்றியிருந்த தலையைப் பார்க்கவில்லை.

போனை வைத்தாள். கென்னத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

கென்னத் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே வந்து ஏணிக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அப்போ... அவன் கொலை பண்ணினது தப்புக் கணக்குல."

"ஆமா."

"நீ பிடிச்சதும் அதே தப்புக் கணக்குல."

"ஆமாடா."

"நீ சரியா அளந்திருந்தா, வளந்துருச்சு, செத்துட்டாருன்னு ஒரு மாலை வாங்கிப் போட்டுட்டு வந்திருப்பே. அவனும் தப்பிச்சிருப்பான். அம்மாசியும் குடிகாரனாவே இருந்திருப்பான்."

செலஸ்டின் வெளிச்சப் பெட்டியை அணைத்தாள். தலை குனிந்தாள்.

"நாலு வாரம்டா! சும்மா இருந்திருந்தா போதும். இப்ப தூக்குக் கயிறு! லாக்கப்புல இருக்கறவன்கிட்ட இதை யாரு போய்ச் சொல்றது? நான்தான் சொல்லணும்..."

கென்னத் மிச்சக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

"நீ எதுக்குக்கா மறுபடி சொல்லணும்? பாடைக்கு முன்னாடியே சொல்லிட்டியே லா... அவன்தான் நம்பல!"